கெர்க்கிலிருந்து கிர்க்குக்கு: வட கடலின் இரு கரைகளில் எட்டு நாள்

மே 11, 2024, சனி, ரோட்டர்டாம்

அலுவலக வேலையாக மூன்று வாரம் ரோட்டர்டாமில் இருந்த நான், ஊர் திரும்புவதற்கு முன் எட்டு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். எங்கே போவது என்பதை ஒரு சொல்தான் முடிவு செய்தது. எங்களோடு வேலை பார்த்த எடின்பர்க்காரர் ஒருவருக்கு டச்சு மொழி ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் உணவுக்கூடத்துப் பலகையில் ஒட்டியிருந்த வாழ்த்து அட்டையைப் பார்த்த மாத்திரத்தில், யாருக்கோ மகள் பிறந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். மகளுக்கு டச்சில் ‘டொஃக்டர்’; ஸ்காட்ஸ் மொழியிலும் எழுத்து மாறாமல் அதே ‘டொஃக்டர்’. ஆங்கிலம் மட்டும் நடுவிலிருந்த தொண்டை உராய்வைப் பேச்சில் கைவிட்டு ‘டாட்டர்’ என்று ஆக்கிக்கொண்டு, எழுத்தில் அதன் எலும்பை வைத்திருக்கிறது. ‘எஃகு’ என்பதில் ஆய்தத்தை ஒழுங்காக ஒலிப்பவருக்கு அந்த ஒலி எளிதாகவே வரும்.

ஸ்காட்ஸ் என்று நான் சொல்வது மலைநாட்டுக் கேலிக் மொழியை அன்று. கேலிக் அயர்லாந்து மொழிக்கு உறவு. ஸ்காட்ஸோ வட இங்கிலாந்தின் பழைய நார்தம்பிரியப் பேச்சிலிருந்து கிளைத்து, ஆங்கிலத்தோடு உடன்பிறந்து, தனியே வளர்ந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதி வரை அதைப் பேசியவர்களே அதை ‘இங்லிஸ்’ என்றுதான் அழைத்தார்கள்.

மாலையில் பல்பொருள் அங்காடியில் பாலும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். ரொக்கம் வாங்க மாட்டோம் என்று எழுதிவைத்திருந்தார்கள். என் அட்டையையோ இயந்திரம் மூன்று முறை மறுத்தது. பின்னால் நின்ற நடுத்தர வயதுப் பெண்மணி ஒரு வார்த்தையும் பேசாமல் தன் அட்டையைத் தொட்டு 6 யூரோ 40 சென்ட்டைக் கட்டிவிட்டு, நான் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு, மீதியைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்தார். நன்றி சொன்னபோது, இது வெறும் ‘போட்ஸ்ஃகாப்பன்’தானே என்றார். அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘செய்திகள்’. அன்றாடக் கடைச் சாமான்களுக்கும் அதுவே பெயர். ஸ்காட்லாந்திலும் சாமான் வாங்கப் போவதை ‘மெசேஜஸ்’ வாங்கப் போவதாகவே சொல்வார்கள் என்று எடின்பர்க்காரர் சொல்லியிருந்தார். உருவத்தில் ஒட்டுறவே இல்லாத இரண்டு சொற்கள், சேதி கொண்டுபோவதிலிருந்து பை தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது வரை ஒரே வழியாக நடந்து வந்திருக்கின்றன.

திரும்பும் வழியில் டிராம் நிறுத்தத்தில் ‘ஸ்லிம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு விளம்பரம். உடம்பு இளைக்க மருந்தாக்கும் என்று நினைத்தால், அது சேமிப்புத் திட்டம். டச்சில் அந்தச் சொல்லுக்கு ‘புத்திசாலித்தனம்’ என்று பொருள். பழைய டச்சில் கோணல், கெட்டது என்றிருந்த சொல், உள்ளூரில் தந்திரமாகிப் பிறகு கெட்டிக்காரத்தனமாக உயர்ந்தது. ஆங்கிலத்துக்குக் கடன் போனது அற்பம், மெலிவு என்று ஆகி ஒல்லியான இடையில் வந்து நின்றது.

மே 12, ஞாயிறு, லெய்டன்

காலை உணவைத் தவறவிட்டேன். விடுதிக்கார அம்மையார் நேற்றிரவு நல்ல ஆங்கிலத்தில், சாப்பாடு ‘ஹாஃப் டென்’ வரைதான் என்று சொல்லியிருந்தார். பத்தரை வரை நேரமிருக்கிறது என்று நிதானமாகக் குளித்துவிட்டுப் பத்து மணிக்கு இறங்கி வந்தால் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டச்சில் ‘ஹால்ஃப் தீன்’ என்றால் பத்துக்குப் பாதி குறைவு, அதாவது ஒன்பதரை. ஆங்கிலம் பேசும்போதும் அவருடைய கடிகாரம் டச்சிலேயே ஓடியிருக்கிறது. நாம் கடந்த மணியோடு அரையைக் கூட்டி ஒன்பதரை என்கிறோம். இவர்கள் வரப்போகும் மணியிலிருந்து அரையைக் கழிக்கிறார்கள். அம்மையாருக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் எறும்புச் சாரை போலச் சாக்லேட் துருவலைத் தூவிக் கொடுத்தார். இதைப் பெரியவர்களும் காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள் என்பதை மூன்று வாரம் கழித்தும் என்னால் ஏற்க முடியவில்லை.

மதியம் ‘ஹுட்ஸ்பொட்’ கேட்டேன். பரிமாறியவர், இது அக்டோபர் மாதத்துச் சாப்பாடு ஆயிற்றே என்று சிரித்தார். 1574 அக்டோபர் 3ஆம் நாள் ஸ்பானியர் முற்றுகையை விட்டு ஓடியபோது பாசறையில் ஒரு பானைக் குழம்பை விட்டுப்போனார்கள் என்றும், பட்டினி கிடந்த நகரம் அதை உண்டது என்றும் ஒரு கதை. இன்றும் அந்த நாளில் ஊரே இதைச் சாப்பிடுகிறது. உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் மூன்றையும் வேகவைத்து மசித்து, பக்கத்தில் மாட்டிறைச்சி. காரம் என்ற பேச்சே கிடையாது, 16 யூரோ. ஸ்காட்லாந்தில் ‘ஹாட்ச்பாட்ச்’ என்பது ஆட்டிறைச்சியும் இளங்காய்களும் சேர்ந்த சாறு. ஆங்கிலத்தில் ‘ஹாட்ஜ்பாட்ஜ்’ என்பது எதையும் எதையும் போட்டுக் குழப்பிய கதம்பம். மூன்றுக்கும் அடியில் இருப்பது பானையைக் குலுக்குவது என்ற பொருள். ஆக, ஒரே பானை இங்கே மசியலாகவும் அங்கே சாறாகவும் ஆகியிருக்கிறது. ஆங்கிலம்தான் சோற்றையே விட்டுவிட்டு வசவை மட்டும் எடுத்துக்கொண்டது.

லெய்டன் பல்கலைக்கழகத்துக்கும் உட்ரெக்ட்டுக்கும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்து இளைஞர்கள் சட்டம் படிக்க வந்துகொண்டே இருந்தார்கள். ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் 1763இல் அப்படித்தான் உட்ரெக்ட்டுக்கு வந்தார். டச்சு கற்றுக்கொண்டே, தன் தாய்ப்பேச்சான ஸ்காட்ஸுக்கு ஓர் அகராதி எழுத வேண்டும் என்று அவருக்கு அங்கேதான் தோன்றியது. அது முடியவில்லை, அதன் கையெழுத்துப் படி 2011இல்தான் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் அடையாளம் காணப்பட்டது. தன் வீட்டுப் பேச்சைத் தூரத்து ஊரில் வேறொருவர் வாயில் கேட்டவருக்கு அப்படித் தோன்றியதில் எனக்கு வியப்பில்லை.

மே 13, திங்கள், மிடல்பர்க்

நாள் முழுக்க மழை. ரயிலில் வந்து படுத்துத் தூங்கியதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

மே 14, செவ்வாய், வேரே

மிடல்பர்க்கிலிருந்து பேருந்தில் வேரேவுக்கு வந்தேன். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே காற்று என் தொப்பியைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. இவ்வளவு சிறிய ஊரில் இவ்வளவு பெரிய தேவாலயம் எதற்கு என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். இது ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தின் வாசல். 1444இல் இவ்வூர்ப் பிரபு வம்சத்தில் ஸ்காட்லாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் மகள் மேரி வாழ்க்கைப்பட்டாள். 1541 முதல் 1799 வரை, இடையிடையே சில முறிவுகளைத் தவிர, கம்பளி, தோல், சால்மன் மீன் போன்ற ஸ்காட்லாந்துச் சரக்குகள் முறைப்படி இறங்க வேண்டிய துறை இதுதான். துறைமுகத்தை ஒட்டி ஆட்டுக்குட்டி, தீக்கோழி என்று பெயர் சூட்டிய இரண்டு ஸ்காட்லாந்து வணிகர் வீடுகள் இன்றும் நிற்கின்றன, உள்ளே அருங்காட்சியகம்.

அங்கே ஒரு மரப்பெட்டியைப் பார்த்து நெடுநேரம் நின்றேன். இரும்புப் பட்டை அடித்து, மூடியின் ஓரம் பல கைகள் பட்டு வழவழப்பேறிய, ஓர் ஆள் உயரப் பெட்டி. டச்சில் ‘கிஸ்ட்’, ஸ்காட்ஸிலும் ‘கிஸ்ட்’, ஆங்கிலத்தில் ‘செஸ்ட்’. எல்லாம் லத்தீனின் ‘சிஸ்டா’. டச்சிலும் ஸ்காட்ஸிலும் பிணப்பெட்டிக்கும் இதே பெயர் உண்டு. ஸ்காட்லாந்தில் சவத்தைப் பெட்டியில் வைக்கும் சடங்கையே ‘கிஸ்டிங்’ என்பார்கள். மணப்பெண்ணின் துணி இருப்பதும் மனிதன் கடைசியில் கிடப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

எல்லாச் சொற்களும் இப்படிக் குடும்பச் சொத்தாக வந்தவை அல்ல; சில கப்பலில் ஏறி வந்தவை. அந்நாளில் கிழவிகள் அணிந்த வெள்ளைத் துணித் தொப்பிக்கு ஸ்காட்ஸில் ‘மட்ச்’. அது டச்சின் ‘முட்ஸ்’. சுண்டு விரலுக்கு இருபுறமும் ‘பிங்க்’, ‘பிங்கி’. கழுத்துக்கு ஸ்காட்ஸில் ‘கிரேக்’. டச்சில் ‘கிராஃக்’ என்றால் இன்று சட்டைக் கழுத்துப்பட்டை. கம்பளியையும் தோலையும் இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பல்களில் உடம்போடும் உடையோடும் ஒட்டிய சொற்கள் இத்தனை போயிருக்கின்றன என்றால், இரு தரப்பினரும் வெறும் கணக்குப் பேரேட்டில் மட்டும் பழகவில்லை என்று பொருள்.

அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் உள்ளூர்க்காரர். வீட்டுக்கு ஹாலந்துப் பேச்சில் ‘ஹெய்ஸ்’ என்று நீட்டுவதைக் கேலி செய்து, தங்கள் சேலாந்துப் பேச்சில் ‘ஊஸ்’ என்பதற்கும் ‘ஈஸ்’ என்பதற்கும் நடுவில் உதட்டைக் குவித்துச் சொல்லிக் காட்டினார். முன்னாலிருந்த ஹகரத்தை விழுங்கிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் வீடு ‘ஹூஸ்’ என்றேன். ஹகரம் அதிகம் என்று தலையை ஆட்டினார்.

மாலையில் கடலை மறித்துக் கட்டிய ‘டெய்க்’ மேல் நடந்தேன். புல் மூடிய மண் கரை; ஒருபுறம் நீர், மறுபுறம் நீரைவிடத் தாழ்ந்த வயல். ஆங்கிலத்தின் ‘டிட்ச்’ இதே சொல்லின் மறு உருவம். ஆனால் அது பள்ளம். தோண்டும்போது குழியும் பிறக்கிறது, மேடும் பிறக்கிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தார்களோ அதற்கு அந்த மொழி பெயர் வைத்துக்கொண்டது. ஸ்காட்லாந்தில் ‘டைக்’ என்றால் தோண்டுதலே இல்லாமல் கல்லடுக்கிய வேலிச் சுவர். அதைப் பார்த்துவிட வேண்டும்.

மே 15, புதன், கப்பலில்

மாலையில் ஐமெய்டன் துறையில் கப்பல் ஏறினேன். 1876இல் திறந்த வட கடல் கால்வாயின் வாயில் எழுந்த ஊர் இது. ‘மெய்டன்’ என்பது ஆங்கில ‘மவுத்’ என்பதன் உறவு. ஐ என்ற நீர்நிலையின் வாய். நாளைக் காலை இறங்கப் போகும் இடத்தில் டைன் ஆறு கடலில் சேருகிறது. அங்கே கரையிலுள்ள ஊர் டைன்மவுத். பதினாறு மணி நேரம் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகிறோம். ஆற்றின் முடிவை நாம் வாய் என்று சொல்லாமல் முகத்துவாரம், கழிமுகம் என்கிறோம். அந்த முகத்துக்கும் பழந்தமிழில் வாய் என்ற பொருள் உண்டு.

கப்பல் உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கேட்ட தொகைக்கு லெய்டனில் இரண்டு ஹுட்ஸ்பொட் சாப்பிடலாம் என்பதால், அறையில் உட்கார்ந்து ரோட்டர்டாமில் வாங்கி மிஞ்சிய பாலாடைக்கட்டியையும் ரொட்டியையும் தின்றேன். பத்து மணிக்கு மேல் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. தின்றது தங்கவில்லை. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கால் கீழே இருந்த ‘டெக்’ என்ற சொல்லை நினைத்துக் கவனத்தைத் திருப்பினேன். அது டச்சிலிருந்து ஆங்கிலம் வாங்கிய சொல். மூடுவது என்று பொருள். அதே வேரில் டச்சில் கூரைக்கு ‘டாக்’, ஸ்காட்ஸில் வைக்கோல் கூரைக்கு ‘தாக்’, ஆங்கிலத்தில் ‘தாட்ச்’. கப்பலின் கூரைமேல் நின்றுதான் குமட்டிக்கொண்டிருந்தேன்.

மே 16, வியாழன், எடின்பர்க்

காலையில் டைன்மவுத்தே தெரியவில்லை. கடலிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பனிப்புகை ஏறி வந்து கரையை அழித்துவிட்டிருந்தது. கிழக்குக் கரையில் இதற்கு ‘ஹார்’ என்று பெயர். பழைய டச்சில் கடுங்குளிர் காற்றைக் குறித்த ஒரு சொல்லோடு அகராதிக்காரர்கள் இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இன்றைய டச்சில் ‘ஹார்’ என்றால் தலைமுடி, அல்லது ‘அவளை’.

ரயிலில் எடின்பர்க். கோட்டை மலையிலிருந்து இறங்கும் நெடுந்தெருவின் கீழ்ப்பகுதிக்குக் கேனன்கேட் என்று பெயர். கதவு எங்கே என்று தேடினேன், இல்லை. இங்கே ‘கேட்’ என்றால் தெரு, ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் ‘கதா’விலிருந்து வந்தது. நகர மதில் வாசல்களுக்கு இவர்கள் ‘போர்ட்’ என்றே பெயரிட்டார்கள். ஆங்கிலத்தின் கதவான ‘கேட்’ முற்றிலும் வேறு சொல். அதன் உறவு டச்சின் ‘ஹாட்’, பொருள் ஓட்டை. ஒரே எழுத்தில் நிற்கும் இரண்டு சொற்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதே தெருவில் கேனன்கேட் ‘கிர்க்’ இருக்கிறது. டச்சில் ‘கெர்க்’, ஆங்கிலத்தில் ‘சர்ச்’, மூலம் ஆண்டவருடையது என்ற கிரேக்கச் சொல். கிஸ்ட், செஸ்ட், கிர்க், சர்ச், பிர்ச் மரத்துக்கு ஸ்காட்ஸில் ‘பிர்க்’, டச்சில் ‘பெர்க்’. தெற்கே இங்கிலாந்தில் இகர, எகரங்களின் பக்கத்தில் ககரம் சகரமாகிவிட்டது. வடக்கே நார்ஸ் பேசிய குடியேறிகளின் செல்வாக்கால் ககரம் நிலைத்தது. கன்னடத்தில் ‘கிவி’ என்பது நமக்குச் ‘செவி’ ஆனதும், ‘கெம்பு’ நமக்குச் ‘செம்மை’ ஆனதும் இதே வேலைதான். அந்தக் கணக்கில் நாம் லண்டன்காரர், கன்னடர்கள் எடின்பர்க்காரர்.

இரவு ‘ஸ்டோவீஸ்’. உருளைக்கிழங்கும் வெங்காயமும் மிஞ்சிய மாட்டிறைச்சியும் சேர்த்து மெல்ல வேகவைத்தது, ஓட்ஸ் அப்பளம் மாதிரி ஒன்றோடு, 9 பவுண்டு. டச்சில் ‘ஸ்டோவன்’ என்றால் மெல்ல வேகவைப்பது. ஆங்கிலத்தில் ‘ஸ்டவ்’ என்றால் அடுப்பு. மிளகைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். இந்தப் பயணத்தில் முதல்முறையாக இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 17, வெள்ளி, கல்ராஸ்

ஃபோர்த் கழிமுகத்தின் வடகரையில் உள்ள கல்ராஸில் கடலுக்கடியில் நிலக்கரி வெட்டி எடுத்த ஜார்ஜ் புரூஸ் என்ற வணிகர் 1597இல் கட்டத் தொடங்கிய மஞ்சள் மாளிகை இருக்கிறது. நிலக்கரியும் உப்பும் போன கப்பல்கள் திரும்பும்போது அடிச்சுமையாக டச்சு ஓடுகளை ஏற்றி வந்தன என்று சொல்கிறார்கள். சிவந்து, அலையலையாக வளைந்த அந்த ஓடுகள், வேரேவில் மூன்று நாள் முன்பு பார்த்த கூரையைப் பெயர்த்து எடுத்து வந்தது போலவே இருந்தன.

தேநீர்க்கடையில் ஸ்கான் என்ற சிறு ரொட்டி ஒன்று, வெண்ணெயும் பழப்பாகும் சேர்த்து, 3 பவுண்டு 75 பென்ஸ். ‘ஸ்கோன்’ என்று கேட்ட என்னைக் கடைக்காரர் ‘ஸ்கான்’ என்று திருத்திவிட்டே தட்டை வைத்தார். டச்சில் ‘ஸ்ஃகோன்ப்ரோட்’ என்றால் நயமான வெள்ளை ரொட்டி. அதன் முன்பாதிதான் இது என்பது அகராதிகளின் கருத்து. ‘ஸ்ஃகோன்’ இன்று டச்சில் சுத்தம், பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியான ஃபிளாண்டர்ஸில் அழகும்கூட. ஆனால் ‘ஸ்ஃகூன்’ என்று கொஞ்சம் மாற்றிச் சொன்னால் அது செருப்பு, ஸ்காட்ஸில் ‘ஷூன்’. ரொட்டிக்கடையில் உச்சரிப்பில் கவனம் தேவை.

திரும்பும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த மூதாட்டி, இந்த ஊர்ப் பேச்சைக் கேட்கவே வந்தேன் என்று நான் சொன்னதும் சங்கடப்பட்டார். “எங்கள் பேச்சு கொச்சை, தம்பி; ஆமாம் என்பதற்கு ‘ஆய்’ என்று சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறேன்” என்றார். இரவுக்கு அவர் ‘நிஃக்ட்’ என்றார். டச்சில் ‘நிஃக்ட்’ என்றால் அக்காள் மகள், அல்லது சித்தப்பா மகள் என்றேன். “குட் நிஃக்ட்” என்று இனிமேல் சொல்லும்போதெல்லாம் என் அக்காள் மகள் நினைவுக்கு வருவாள், அவள் நல்லவளும் இல்லை என்று கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஸ்காட்ஸ் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அம்மாள் அதில் என்ன எழுதினார் என்று கேட்க நினைப்பதற்குள் அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது.

மே 18, சனி, எடின்பர்க்

நெடுந்தெருக் கடைகளில் எங்கு பார்த்தாலும் சடை முடியுள்ள மலைநாட்டு மாட்டின் படம். கீழே ‘கூ’ என்று எழுத்து. டச்சிலும் மாடு ‘கூ’தான். இதைத்தான் என் பட்டியலில் முதல் சான்றாக எழுதி வைத்திருந்தேன், அதுவே தவறிப்போனது. பழைய ஆங்கிலத்தின் நெடில் ஊகாரம் ஸ்காட்ஸில் அப்படியே நின்று, ஆங்கிலத்தில் ‘கவ்’ ஆனது. டச்சுச் சொல்லோ பழைய ஓகாரத்திலிருந்து புறப்பட்டு, வேறு வழியாகச் சுற்றி, ஊகாரத்துக்கு வந்து சேர்ந்தது. மாடு ஒன்றுதான், ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

நேற்றிரவு உணவகத்தில் அடுத்த மேசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல் டைக்குகளைப் பார்க்க வேண்டும் என்ற என் ஆசையைக் கேட்டு, பென்ட்லண்ட் குன்றுகளுக்குத் தாமே அழைத்துப்போவதாகச் சொன்னார். “ஹாஃப் நைன், பேருந்து நிறுத்தத்தில்” என்றார். லெய்டனில் சூடுபட்ட பூனை நான். ஒன்பதுக்கு அரை குறைவு என்று கணக்குப் போட்டு எட்டரைக்கே போய் நின்றேன். ஹார் இறங்கி, எதிர்ப்பக்கத்துக் கட்டடம் மறைந்து, மூக்கு நுனியில் நீர் கோத்து, ஒரு மணி நேரம். மனிதர் ஒன்பதரைக்குக் கம்பளித் தொப்பியோடு சாவகாசமாக வந்து, எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அகராதியில் பாருங்கள், பழைய ஸ்காட்ஸிலும் ‘ஹாஃப் நைன்’ என்றால் எட்டரைதான். நாங்கள்தான் பிறகு ஆங்கிலக் கணக்குக்கு மாறிவிட்டோம் என்றார். பிறகு தன் ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீரை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டி, “என் தாத்தா இருந்திருந்தால் சரியாக எட்டரைக்கு உங்களோடு இங்கே நின்றிருப்பார்” என்றார்.